மலைத் தானியத்தில் கேக் சுடும் வீடுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டு பேக்கர்களுக்கு,

சேலம், நாமக்கல், ஈரோடு, சென்னை என்று எந்த ஊரானாலும், சமையலறை மேடையின் ஓரத்தில் ஓடிஜி அடுப்பை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகும் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகும் கேக்கும் பிஸ்கட்டும் சுட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். 2020 பொதுமுடக்கத்தில் பொழுது போகாமல் குக்கரின் அடியில் மணலைக் கொட்டி, வெயிட்டையும் ரப்பரையும் கழற்றி வைத்துவிட்டு, கேக் வருகிறதா என்று பார்த்தவர்கள் உங்களில் பலர். பக்கத்து வீட்டார் கேட்டார்கள், பிறகு அவர்களுடைய சொந்தக்காரர்கள் கேட்டார்கள், அதுவே தொழிலும் ஆனது. விற்காமல் வீட்டுக்கும் நட்புக்கும் மட்டும் செய்கிறவர்களும் இருக்கிறீர்கள். இரு சாராரிடமும் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கிறது. மலைப்பாதை என்றால் அப்படித்தான்.

இப்போதெல்லாம் உங்கள் அட்டைப்பெட்டிகளில் 'சிறுதானிய கேக்', 'மில்லட் குக்கீஸ்' என்று அச்சிட்டிருக்கிறது. சந்தோஷம். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இந்த எழுத்துகள் இன்னும் பெரிதாகிவிட்டன. ஆனால் என்ன தானியம், எந்த ஊரில் விளைந்தது என்று பெரும்பாலான பெட்டிகள் சொல்வதில்லை. காப்பிக்கு ஊர் சொல்கிறோம். மாம்பழத்துக்கு ஊர் சொல்கிறோம். நெய் என்றால் எங்கள் ராசிபுரத்தைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. சாமைக்கும் தினைக்கும் மட்டும் ஊர் வேண்டாமா?

வேண்டும். அந்த ஊர்களில் ஒன்று எங்களுக்குக் கிழக்கே நிற்கிற கொல்லிமலை. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேலே விரிந்து கிடக்கும் பூமி. செம்மேடு, சோளக்காடு, அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி என்று சுற்றுலாப் பயணிக்குத் தெரிந்த பெயர்கள் ஒருபுறம். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற 14 நாடுகள் மறுபுறம். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறுகிறவர்கள் அன்னாசி, பலா, மலை வாழை, மிளகு, தேன் வாங்கிக்கொண்டு இறங்குகிறார்கள். தானியம் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

அந்த மலையில் ஐந்து வகைச் சிறுதானியங்கள் விளைந்திருக்கின்றன: சாமை, தினை, கேழ்வரகு, வரகு, பனிவரகு. ஒவ்வொன்றுக்குள்ளும் உள்ளூர் ரகங்கள். சாமையில் மல்லியசாமை, கட்டவெட்டிச்சாமை, கருஞ்சாமை, வெள்ளைப்பெருஞ்சாமை. தினையில் செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை. கேழ்வரகில் சுருட்டைக்கேழ்வரகு, அரிசிக்கேழ்வரகு, பெருங்கேழ்வரகு. இவை விதைக்கடையில் கிடைப்பவை அல்ல. அம்மா மகளுக்கும், மாமன் மருமகனுக்கும், பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டவருக்கும் கொடுத்துக் கொடுத்து வந்தவை. எந்த ரகம் சரளை நிலத்தில் தாங்கும், எது சீக்கிரம் வரும், எது களிக்கு ஆகும், எது சோற்றுக்கு ஆகும் என்ற விவரமும் அந்தக் கைமாற்றத்தோடுதான் வந்தது.

பிறகு ஏன் இவற்றின் விளைச்சல் குறைந்தது? பேக்கிங் செய்கிறவர்களுக்குத் தானியத்தின் உடம்பு தெரிந்திருக்க வேண்டும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ராகி, கம்பு, சோளம் இந்த மூன்றும் கதிரை அடித்துத் தூற்றினால் மணி கைக்கு வந்துவிடும். கழுவிக் காயவைத்து நேராக அரைக்கலாம். சாமையும் தினையும் வரகும் பனிவரகும் குதிரைவாலியும் அப்படிப்பட்டவை அல்ல. நெல்லைப்போல அவற்றுக்கு உமி உண்டு. மணியோ நெல்லைவிட மிகச் சிறியது, வழுவழுப்பானது. உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், உமி போகாத மணிகளை மறுபடி குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். வரகு இன்னும் பிடிவாதக்காரி. விடியுமுன் உலக்கையைப் பிடித்தால்தான் மத்தியானச் சோறு. இந்த வேலையைச் செய்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காட்டில் களை எடுத்தவர்களும், விறகு சுமந்தவர்களும், தண்ணீர் எடுத்தவர்களும் யாரோ, அதே பெண்கள்தான்.

நியாயவிலைக் கடையின் அரிசி மலை ஏறி வந்தது. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம், உலையில் போட்டால் சோறு. அவர்கள் உலக்கையைக் கீழே வைத்தார்கள். 'பாரம்பரிய உணவை மறந்துவிட்டார்கள்' என்று மேடையில் வருத்தப்படுகிறவர்கள் ஒரே ஒரு படி சாமையைக் குத்திச் சோறாக்கிவிட்டு வந்து பேசட்டும். அந்தப் பெண்கள் செய்தது சரி என்பதுதான் என் கட்சி. நெல்லுக்கு ஊருக்கு ஊர் ஆலை வந்தது, சாமைக்கு வரவில்லை. பழி அங்கே கிடக்கிறது. ராகி மட்டும் இன்றுவரை பரவலாக நம் வீடுகளில் தங்கியிருப்பதற்கு அதன் சுண்ணாம்புச் சத்து ஒரு காரணம் என்றால், உமி இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் தமக்கு 1987இல் கிடைத்த முதல் உலக உணவுப் பரிசின் தொகையைக் கொண்டு 1988இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களிலிருந்து கொல்லிமலை மக்களோடு சேர்ந்து ரகங்களைத் திரட்டியது. விதை வங்கிகள் வந்தன. சாமைக்கும் தினைக்கும் ஏற்ற சிறிய அரவை இயந்திரங்கள் மலைக்கு வந்தன. பெண்கள் குழுக்களும் உழவர் குழுக்களும் அவற்றை நடத்தின. சாமை அரிசி, தினை ரவை, ராகி மால்ட் என்று பொட்டலங்கள் கீழே இறங்கின. பசுமைப் புரட்சியின் முகமாக அறியப்பட்டவர் பெயரில் உள்ள நிறுவனமே சாமைக்கு அரவை இயந்திரம் தேடி அலைந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், மரியாதையும் வரும்.

உமி ஒரு காரணம். காசு இன்னொரு காரணம். கொல்லிமலையில் காடு காடாகச் சாமை நின்ற இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்டது குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. தென் அமெரிக்காவில் பிறந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சத்துக்கு உதவும் என்று தம் குடிமக்களிடையே இதைப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோனபோது, சேலத்துக்காரர்கள் மரவள்ளிப் பாலை எடுத்து, உறையவைத்து, உருட்டி, வறுத்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் ஊன்றி, 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்து, 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். மலையில் நிலம் இருந்தது. கிழங்கைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் மொத்தமாகப் பணம். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் கூரைக்கு ஓடும் அதிலிருந்துதான் வந்தன. அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். மகாராஷ்டிரத்தில் ஏகாதசி விரதம் இருக்கிற ஒரு குடும்பம் அன்றைக்குச் சாப்பிடுகிற ஜவ்வரிசி கிச்சடியில் நம் சேலம், நாமக்கல் மரவள்ளி இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பாட்டிக்குக் காரவள்ளி எங்கே இருக்கிறதென்று தெரியாது. இந்தப் பக்கம் கிழங்கு பிடுங்குகிற அம்மாவுக்கு அந்தப் பாட்டியின் விரதம் தெரியாது. உணவு மனிதர்களை இணைக்கிறது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பல நேரம் முகம் தெரியாமல்தான் இணைக்கிறது.

இப்போது உங்கள் மாவுக் கிண்ணத்துக்கு வருகிறேன்.

கோதுமையில் குளூட்டன் இருக்கிறது. பிசைந்தால் நூல் நூலாகப் பின்னிக்கொண்டு, உள்ளே எழும்பும் காற்றைப் பிடித்துவைக்கும். சிறுதானியம் எதிலும் அது கிடையாது. அதனால்தான் சாமை மாவை மட்டும் போட்டுச் செய்த கேக், கத்தியை வைத்ததும் உதிர்ந்து பொடியாகிறது. இதற்குப் பயந்து பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறீர்கள்? முக்கால் பங்கு மைதா, ஒரு கை ராகி, பெட்டியின் மேலே 'ராகி கேக்'. கோகோ தூளின் நிறத்தில் எல்லாம் மறைந்துவிடும். இது ஏமாற்று என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். மைதாவைக் கலப்பதில் தவறே இல்லை. கலந்த பங்கைப் பெட்டியில் எழுதிவிடுங்கள், போதும்.

மைதா இல்லாமலும் வழி இருக்கிறது. சாமையைத் தாங்கிப் பிடிக்க ஏற்றது மரவள்ளி ஸ்டார்ச். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக மேலை நாடுகளில் செய்யும் ரொட்டிகளில் இதைத்தான் தாராளமாகச் சேர்க்கிறார்கள். பிரேசிலில் காலைக் காப்பியோடு தின்கிற பாலாடைக்கட்டி ரொட்டி உருண்டைக்கு மாவே இதுதான். மலைக்காட்டில் சாமையை ஓரங்கட்டிய அதே கிழங்கு, கிண்ணத்தில் சாமையை உதிராமல் கட்டிவைக்கிறது. கொல்லிமலையின் இரண்டு விவசாயமும் ஒரே தட்டில் சேர்ந்து உட்காருகிற இடம் உங்கள் வீட்டு அடுப்பாகத்தான் இருக்க முடியும். இதற்காகவே இந்தக் கடிதத்தை எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டு அளவு இது. சாமை மாவு இரண்டு பங்கு, ராகி மாவு ஒரு பங்கு, மரவள்ளி ஸ்டார்ச் ஒரு பங்கு. நன்றாகப் பழுத்து, தோல் கறுக்கத் தொடங்கிய மலை வாழைப்பழம். நாட்டுச் சர்க்கரை, கடலை எண்ணெய் அல்லது நெய், ஒரு சிட்டிகை உப்பு, பேக்கிங் பவுடர், மிகக் கொஞ்சமாகச் சுக்குப் பொடி. முட்டை. நாமக்கல்காரர்களுக்கு முட்டைக்குப் பஞ்சமா? நாட்டுக்கே முட்டை விலை சொல்கிற ஊர்களில் ஒன்று எங்களுடையது. புரட்டாசியிலும், முட்டை தொடாத பெரியவர்கள் வந்திருக்கும்போதும், முட்டைக்குப் பதில் கெட்டித் தயிரும் இன்னொரு வாழைப்பழமும். கலந்த மாவை உடனே அடுப்பில் வைக்காமல் அரைமணி நேரம் மூடி வையுங்கள். சிறுதானிய மாவு தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அவசரப்பட்டால் நாக்கில் மணல்போல நெருடும். பேக்கிங் பவுடரை மட்டும் கடைசியில் சேருங்கள். 170 டிகிரி சூட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். சூடாக வெட்டாதீர்கள், ஆறினால்தான் மரவள்ளி இறுகிப் பிடிக்கும்.

ராகியைப் பற்றி நம் வீட்டு ஆயாக்களுக்குத் தெரிந்தது எந்த பேக்கிங் வகுப்பிலும் சொல்லித்தருவதில்லை. ராகி அடைக்கு வெந்நீர் விட்டுப் பிசைகிறார்களே, ஏன்? சூட்டில் மாவுச்சத்து பாதி வெந்து பசையாகிறது. குளூட்டன் செய்ய வேண்டிய வேலையை அந்தப் பசை செய்கிறது. இதே முறையில் ராகி மாவில் ஒரு பகுதியை மட்டும் வெந்நீரில் கிண்டிக் களிபோல ஆக்கி, ஆறவிட்டு, மீதி மாவோடு சேர்த்துப் பிசைந்தால் ரொட்டி விரிசல் விடாமல் வரும். பிஸ்கட்டுக்கு வேறு வழி. மாவை வாசம் வரும்வரை சிறு தீயில் வறுத்து, ஆறியபின் நெய்யில் பிசைய வேண்டும். முளைகட்டிய ராகி மாவைக் கேக்குக்கு அள்ளிக் கொட்டாதீர்கள். முளைக்கும்போது மாவுச்சத்தை உடைக்கும் நொதி கூடுகிறது. கைக்குழந்தைக் கஞ்சி அதனால்தான் கட்டியில்லாமல் நீர்த்து வருகிறது. அது கஞ்சிக்கு வரம். கேக்கோ நடுவே பிசுபிசுத்துப்போகக்கூடும்.

இன்னொன்று. கடையில் வெள்ளை வெளேரென்று மின்னுகிற சாமை நன்றாகத் தீட்டியது. தவிடு போய்விட்டது, தவிட்டோடு ருசியும் பாதி போய்விட்டது. தவிடு உள்ள சாமை சற்று மங்கலாக இருக்கும், அதில் எண்ணெய்ச் சத்து உண்டு, ஆகவே அரைத்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். மாவாக வாங்கி மாதக்கணக்கில் வைக்காமல், தானியமாக வாங்கித் தேவைக்கு அரைத்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பம் போதும். உங்களிடம் எனக்கு உண்மையில் ஒரு சண்டை இருக்கிறது. சிறுதானியத்தை மருந்து என்று சொல்லி விற்பதை நிறுத்துங்கள். எலும்புக்கு, சர்க்கரைக்கு, எடைக்கு, முடிக்கு என்று பெட்டி முழுக்க வைத்தியம். ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருப்பது உண்மை. ஆனால் கால் கிலோ சர்க்கரை போட்ட கேக் எந்தச் சர்க்கரை நோயாளிக்கும் நல்லதல்ல. அதில் ராகி இருந்தாலும் சரி, தங்க பஸ்பமே இருந்தாலும் சரி. அதைவிடப் பெரிய கெடுதல் வேறு. 'உடம்புக்கு நல்லது, தின்னு' என்று தட்டை நீட்டினால் எந்தப் பிள்ளை தின்னும்? மருந்து என்று கொடுத்ததைப் பிள்ளைகள் வளர்ந்தபின் தேடி வந்து கேட்பதில்லை. அம்மா வீட்டுப் பலகாரம் என்று நினைத்தால் கேட்பார்கள். ஒரு தானியம் பிழைப்பது ஆசையால்தான். முருகனுக்குத் தேனும் தினைமாவும் என்று நம்மவர்கள் படைத்தது மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்து அல்ல. ருசித்தது, அதனால் சாமிக்கும் கொடுத்தார்கள்.

ஒருமுறை நெய்யும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துச் செய்த ராகி பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். தெரிந்த வீடு. அந்த வீட்டு ஆயா ஒன்றை எடுத்து, முகர்ந்து, கடித்து, கொஞ்ச நேரம் மென்றுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது கண்ணு. களி தின்னா காட்டு வேலைக்குப் போலாம். இதத் தின்னா டீ குடிக்கத்தான் தோணுது." பேரப்பிள்ளைகள் அதற்குள் டப்பாவைக் காலி செய்துவிட்டார்கள். ஆயா அடுப்பில் சுட்டுவைத்திருந்த குச்சிக்கிழங்கைச் சாம்பல் தட்டி எடுத்து, அந்த டப்பாவிலேயே போட்டு, மூடித் திருப்பிக் கொடுத்தார். ஓவன் இல்லாத வீடு என்று நாம் நினைக்கிறோம். விறகு எரிந்து தணிந்த தணலில், சாம்பலுக்குள் புதைத்து, மேலும் கீழும் ஒரே சீராகச் சூடு ஏற்றுகிற கைக்குப் பேக்கிங் தெரியாது என்று சொல்ல முடியுமா?

வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது, நாலு கறிவேப்பிலை ஆர்க்காவது போட்டுக் கொடுப்போம். தீபாவளிக்கு அதிரசம் போன தட்டில் கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும், ரம்ஜானுக்குப் பிரியாணி வரும். அந்தத் தட்டு எந்த வீட்டில் தொடங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் தொழில் வளர்ந்ததும் இந்தத் தட்டு வழியாகத்தான் என்பதை மறக்க வேண்டாம். முதல் கேக்கை யாரும் உங்களிடம் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். அட்டைப்பெட்டி வந்த பிறகு தட்டு குறைந்துவிட்டது. அட்டையைத் திருப்பித் தர வேண்டியதில்லை. அதனாலேயே பேச்சும் குறைந்துவிடுகிறது. பிறந்தநாள் கேக்கை வாங்க வந்தவர் வாசலோடு போய்விடுகிறார், பணம் கைபேசியில் வந்துவிடுகிறது. நண்பர்களுக்குக் கொடுப்பதையாவது எவர்சில்வர் டப்பாவில் கொடுங்கள். திரும்பி வரும்.

விடுதியில் படிக்கிற பிள்ளைக்கு முன்பெல்லாம் முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் தகர டின்னில் போகும். அறைத் தோழர்கள் பிரித்துத் தின்றுவிட்டு, 'உங்க அம்மா மறுபடி எப்ப அனுப்புவாங்க?' என்று கேட்பார்கள். ஒரு வீட்டு அம்மா பத்துப் பிள்ளைகளுக்கு அம்மா ஆவது அப்படித்தான். ராகி பிஸ்கட் அந்த வேலைக்குப் பொருத்தமானது. உடையாது, வாரக்கணக்கில் தாங்கும், கூரியர்காரர் தூக்கிப் போட்டாலும் பிழைக்கும். பிள்ளைகளையே மாவு சலிக்கவும் உருட்டவும் உட்கார வையுங்கள். மேடையெல்லாம் மாவாகும். ஆகட்டும். தான் உருட்டின பிஸ்கட்டைக் குழந்தை வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

மலையில் இதே கொடுக்கல் வாங்கல் விதையில் நடக்கிறது. தொம்பை என்ற மரபான தானியக் குதிரில் விதையைச் சேமித்து, இல்லாதவர் கேட்டால் கொடுத்து, அறுவடைக்குப் பின் கொஞ்சம் கூட்டித் திரும்ப வாங்குவது. விதை வங்கி என்று பெயர் வைத்து நிறுவனங்கள் செய்தது இந்தப் பழைய வழக்கத்தின் மேல் நின்றுதான். கொடை என்றால் கொல்லிமலைக்குப் புதிய சேதி அல்ல. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி இந்த மலைக்குத் தலைவன். ஆடிப்பெருக்கை ஒட்டி அவனுக்கு இன்றும் அரசு விழா எடுக்கிறது. கேட்பதையும் கொடுப்பதையும் மறுப்பதையும் எடை போட்டுப் பார்க்கிற புறநானூற்று 204ஆம் பாடலைக் கழைதின் யானையார் அவனை முன்வைத்துத்தான் பாடினார். ஓரியிடம் புலவர்கள் பரிசு வாங்கினார்கள். நாமோ தானியம் வாங்குகிறோம், வாங்கிவிட்டு ஊர் பெயரைக்கூடச் சொல்வதில்லை.

என் கோரிக்கை இதுதான்.

பெட்டியில் 'சிறுதானியம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். சாமை என்றால் சாமை. கொல்லிமலை என்றால் கொல்லிமலை. வேறு மலை என்றால் அந்த மலை. ஜவ்வாது மலையிலும் சாமை விளைகிறது, அவர்களுக்கும் பெயர் வேண்டும். தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், வாடிக்கையாளர் கேட்கிறார் என்ற செய்தியாவது அவர் வழியாக மேலே போகும்.

மலைக்குப் போனால் அருவியோடு திரும்பாதீர்கள். சிறுதானியம் அரைத்து விற்கிற பெண்கள் குழுக்களை விசாரித்துப் போய்ப் பாருங்கள். சொல்லிக்கொடுக்கிற தோரணையில் போகாதீர்கள், தயவுசெய்து. ஓவன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்லிவிட்டு வந்தவர்களை அவர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். தோசைக்கல்லிலும் இட்லிப் பானையிலும் தணலிலும் ஆகக்கூடியதைச் சேர்ந்து செய்து பாருங்கள். மலை வாழைப்பழமும் சாமை மாவும் சேர்த்து, வாழையிலையில் பொதிந்து, கல்லில் மூடிபோட்டுச் சுட்டது எந்தக் கேக்குக்கும் குறைந்ததில்லை. உங்களுக்கு அளவும் சூடும் தெரியும். அவர்களுக்குத் தானியம் தெரியும். இரண்டு பேருக்கும் லாபம்.

முக்கியமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஒரு விவசாயக் குடும்பம் சாமை போடுவதா, கிழங்கு போடுவதா என்று தீர்மானிப்பது விதைப்புக்கு முன்னால். உங்கள் ஆர்டரோ தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் முந்தின வாரம் போகிறது. கிழங்குக்கு ஆலை நிச்சயமாக நிற்கிறது. சாமைக்கு வாங்குகிறவர் வருவாரா என்பது வருஷத்துக்கு வருஷம் சந்தேகம். விலை சற்று கூடக் கொடுத்தாலும் இந்தச் சந்தேகம் தீராது. ஆகவே உங்கள் ஊரில் வீட்டு பேக்கர்கள் பத்துப் பேர் சேருங்கள். வருஷத்துக்கு எத்தனை கிலோ சாமை, எத்தனை கிலோ ராகி ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். அடுத்த விதைப்புக்கு முன்பே, கொல்லிமலையில் ஒரு குழுவிடம் அந்தத் தாளையும் கொஞ்சம் முன்பணத்தையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அன்புடன்,
ராசிபுரத்திலிருந்து உங்களில் ஒருத்தி